நிரல்நிறையும் சேர்வராயன் மலையும்: ஆவண மொழிபெயர்ப்பின் வரலாற்றில் இடமும் பொருளும்

சேர்வராயன் மலையின் மேல், ஏறத்தாழ 5,326 அடி உயரத்தில் அமைந்துள்ள சேர்வராயன் கோயிலைக் கண்டோர் அதன் அமைப்பை மறந்திரார். நெடிய கோபுரமோ விரிந்த பிராகாரமோ அங்கு முதன்மை பெறவில்லை. குறுகிய இருண்ட குகையினுள் தலைதாழ்த்திப் புகுந்தே சேர்வராயனையும் காவேரியம்மனையும் வழிபடல் வேண்டும். அக்குகை காவிரியாறுவரை நீள்வது என்பது மலைமக்களின் நம்பிக்கை. ஆண்டுதோறும் மே மாதத்தில் நிகழும் விழாவிற்கு மலையூர்கள் பலவற்றிலிருந்தும் மக்கள் திரள்வர். இக்கடவுளின் பெயரே மலைக்கும் பெயராயிற்று. ஆங்கிலேயர் நாவில் அப்பெயர் ‘செவராய்’ எனத் திரிந்தது.

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழியே சேலம் பகுதி கும்பினியார் கைக்கு வந்தது. அந்நாள்முதல் இம்மலையைப் பற்றிய எழுத்தெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பெருகியது. கர்னல் ரீடும் அவர்தம் உதவியாளராயிருந்த தாமசு மன்றோவும் செய்த நில அளவைக் கணக்குகள், 1820களில் ஆட்சியராயிருந்து காப்பிப் பயிரை இங்குக் கொணர்ந்த காக்பர்ன் காலத்து நடவடிக்கைகள், 1883இல் லெபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு, 1918இல் ரிச்சர்ட்சு எழுதிய சேலம் மாவட்ட விவரச்சுவடி ஆகிய யாவும் ஆங்கிலமே. மலையில் வாழ்வோர் பேசுவது தமிழ். மலையின் வரலாறு எழுதப்பெற்றது ஆங்கிலம். இவ்விடைவெளியை ஒரு சிறிதேனும் குறைக்கவேண்டும் என்னும் எண்ணத்தால், ரிச்சர்ட்சு நூலில் இம்மலை பற்றி வரும் பக்கங்களைத் தமிழாக்கித் தருமாறு நம் வட்டத்து அன்பர்கள் சில ஆண்டுகளுக்கு முன் என்னைப் பணித்தனர்.

நூல் பி.டி.எஃப். கோப்பாகக் கிடைத்தது. சொற்களுக்குத் தமிழ் காண்பதே அரும்பணியாகும் என எண்ணி அமர்ந்தேன். ஆனால் இடர்ப்பாடு வேறிடத்திலிருந்து வந்தது. சென்னை மாகாண விவரச்சுவடிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய தலைப்பு, பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கணினியின் எழுத்துணரி அப்பக்கத்தைப் படித்துத் தந்தபோது ஓரக்குறிப்பு வாக்கியத்தின் நடுவே புகுந்திருந்தது. அடிக்குறிப்பு அடுத்த பக்கத்தின் முதல் வாக்கியத்தோடு ஒட்டிக்கொண்டது. அட்டவணைகளில் எண்கள் தமக்குரிய ஊர்ப்பெயர்களை விட்டு நீங்கி ஒரே வரிசையாக நின்றன. அவ்வாறே மொழிபெயர்த்தால் ஏற்காட்டில் பெய்த மழை சேலத்தில் பெய்ததாக முடியும்.

பக்கவடிவம் கெடாமல் மொழிபெயர்க்கும் என்று சொல்லப்படும் கருவியொன்றையும் நாடிப் பார்த்தேன். வடிவம் கெடவில்லை, தமிழ்தான் கெட்டது. ஆங்கிலச் சொல் நின்ற சிறு கட்டத்துள் நீண்ட தமிழ்ச் சொல்லை அடைக்கவேண்டி எழுத்துகள் கடுகளவாகச் சுருங்கின. சில ஒன்றன்மேல் ஒன்று ஏறின. ஒரு பக்கத்தை வேற்றுமொழிக்குக் கொண்டுசெல்லும்போது எதனைக் காத்தல் வேண்டும், எதனை விடலாம் என்னும் வினா அன்று எழுந்தது. அவ்வினாவிற்குத் தமிழரின் எழுத்து வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடம் பொருளாதல்

எழுத்தில் ஒரு சொல் நிற்கும் இடமும் பொருள் தரும் என்பதை நம் இலக்கணநூலார் பன்னெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். அதனைப் பொருள்கோள் என்னும் பெயரால் விளக்கினர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்து எச்சவியலில் நான்கு பொருள்கோள்களைக் கூறினார். பவணந்தியார் நன்னூலில் அவற்றை எட்டாக விரித்தார். வகுப்பறையில் நாம் இவற்றைச் செய்யுளுக்கு மட்டும் உரியனவாகக் கற்பிக்கிறோம். ஆயினும் ஆவணங்களை ஆராய்வார்க்கும் இவை பெரிதும் பயன்படும்.

நிரல்நிறை என்பது பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றின் முடிக்குஞ் சொற்களை மற்றொரு வரிசையிலும் நிறுத்துவது. முதலாவது முதலாவதோடும் இரண்டாவது இரண்டாவதோடும் சேரும். இல்வாழ்க்கை அதிகாரத்தில் அன்பையும் அறத்தையும் முன் நிறுத்திப் பண்பையும் பயனையும் பின் நிறுத்தும் குறளை யாவரும் அறிவர். அன்பு பண்பாதலும் அறம் பயனாதலும் அங்கு வரிசையாலேயே விளங்கும். வரிசையைக் கலைத்துவிட்டால் சொற்கள் நான்கும் அப்படியே இருக்கும்; வள்ளுவர் கருத்து மட்டும் இராது. இன்றைய அட்டவணை என்பது நிரல்நிறையன்றி வேறில்லை. நேர்நிற்றலே அதன் இலக்கணம்.

அடிமறிமாற்று இதற்கு நேர்மாறானது. அடிகளை எப்படி மாற்றி நிறுத்தினும் பொருள் திரியாது. பயிர்களின் பட்டியலோ விழாவிற்கு வந்த ஊர்களின் பட்டியலோ இவ்வகையைச் சாரும்.

சுண்ணம் என்பது ஈரடி எண்சீருள் சொற்கள் பொடியெனச் சிதறிக் கிடக்க, பொருந்துமாறு கூட்டிக் கொள்வது. எழுத்துணரி எனக்களித்த விவரச்சுவடிப் பக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் செய்யுளில் சுண்ணம் புலவன் அறிந்து செய்தது. இங்கோ அறியாமல் நேர்ந்தது. நச்சினார்க்கினியர் தொலைவிலுள்ள சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் கண்டதைச் சிலர் வலிந்து கொள்வதெனக் குறை கூறுவர். பி.டி.எஃப். ஆவணத்தை மொழிபெயர்க்கப் புகுவார் அனைவரும் நச்சினார்க்கினியராக வேண்டியுள்ளது.

ஏடும் கல்லும்

ஓலைச்சுவடியில் பக்கவடிவம் என ஒன்று தனியே இல்லை. பனையோலையின் அகலமே வரியின் நீளத்தை வரையறுத்தது. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. அடி முடிந்ததென வரி முடிவதும் இல்லை. பல ஏடுகளில் புள்ளிகூட இல்லை. ஆயினும் வெண்பா வெண்பாவாகவே நின்றது. காரணம், அதன் வடிவத்தை எதுகையும் மோனையும் தளையும் காத்தன. அகன்ற ஏட்டிலிருந்து குறுகிய ஏட்டிற்குப் பெயர்த்தெழுதினும் அடி முறியவில்லை. கண்ணுக்குரிய வடிவத்தை யாப்பு செவியில் வைத்துக் காத்தது எனலாம். சீர்களை எண்ணி எழுதும் நம் வட்டத்துக் கவிஞர்கள் இதனை எளிதில் உணர்வர்.

இதற்கு விலக்காக அமைந்தவை சித்திரகவிகள். நாகபந்தம், இரதபந்தம் போன்றவற்றில் எழுத்து நிற்கும் கட்டமே பாட்டின் உயிர். ஓரெழுத்து இரண்டு வழிகளில் படிக்கப்படும் சந்தியில் நிற்கும். அவற்றைப் பிறமொழியில் பெயர்த்தல் ஏறத்தாழ இயலாது. பெயர்த்தால் கருத்து வரும், பாம்பு வாராது.

கல்வெட்டில் வரியின் நீளத்தைக் கல்லே முடிவு செய்தது. கல் முடியுமிடத்தில் சொல் பாதியில் முறிந்து அடுத்த வரியில் தொடரும். இவற்றை அச்சிட்டு ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணி ஊல்சு என்னும் செருமானிய அறிஞரிடம் வந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890இல் வெளியாயிற்று. அவர் கல்லின் வடிவத்தைக் காகிதத்தில் வரைய முற்படவில்லை. மூலத்தின் ஒவ்வொரு வரிக்கும் எண் கொடுத்தார். மொழிபெயர்ப்பிலும் அவ்வெண்ணைச் சுட்டினார். ஆங்கில வாக்கியம் தன் இயல்பில் ஓடும். ஐயம் எழின் வரியெண்ணைப் பற்றிக்கொண்டு படிப்பவர் கல்லுக்கே திரும்பலாம். வடிவத்தை விட்டுக்கொடுத்து முகவரியைக் காத்த இம்முறை, நூறாண்டு கடந்தும் பழுதின்றிப் பயன்படுகிறது. இக்கட்டுரை வந்தடையும் முடிவிற்கு இதுவே முதற் சான்று.

அச்சு வந்தபின்

தமிழ் அச்சின் தொடக்கமே மொழிபெயர்ப்பு. 1554இல் லிசுபன் நகரில் அச்சான சிறுநூல் தமிழை உரோமன் எழுத்தில் தந்து, வரிகளுக்கிடையே போர்த்துக்கீசியச் சொற்பொருளையும் தந்தது. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் வெளியிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களைக் கொண்டது; அதுவும் போர்த்துக்கீசியத்திலிருந்து பெயர்க்கப்பட்டதே. முதல்நூல் இருமொழிகளையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நிறுத்தியது. பின்னது மூலத்தை விட்டுத் தமிழ்ப் பக்கமாகவே நின்றது. இன்றுவரை மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள இருவழிகளும் இவையே.

தமிழ் இடம் வேண்டும் மொழி என்பது தரங்கம்பாடியில் தெளிவாயிற்று. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கினார். செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பெற்ற தமிழ் அச்செழுத்துகளைக் கொண்டு 1713இல் அச்சுப்பணி தொடங்கிற்று. அவ்வெழுத்துகள் மிகப் பெரியனவாயிருந்தன. காகிதமோ கடல் கடந்து வரவேண்டிய அரும்பொருள். அப்பெரிய எழுத்திலேயே முழுநூலையும் அச்சிடக் காகிதம் போதாது என்ற நிலையில், ஆட்லர் என்னும் அச்சுத் தொழிலாளர் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார். ஈயம் கிடையாமையால் பாலாடைக்கட்டி வந்த ஈயத் தகட்டுறைகளை உருக்கினர் என்பர். 1715இல் நூல் முடிந்தது. பிறமொழிக்கென அமைந்த அளவினுள் தமிழை அடைப்பதற்கு மாறாகத் தமிழுக்கேற்ற எழுத்தை ஆக்கிக்கொண்டனர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இதே வழியில் சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தைச் சேர்ந்த அண்டு, சிறிதாயினும் தெளிவாகப் படிக்கத்தக்க தமிழ் எழுத்துகளை உருவாக்கினார். 67 ஆயிரத்திற்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோ அகராதி 1862இல் அவ்வச்சகத்தில் உருப்பெற்றது. தமிழ்ச் சொல்லும் ஆங்கிலப் பொருளும் ஒரே பக்கத்தில் இடர்ப்பாடின்றி வாழ்வதற்கு அவ்வெழுத்தின் அளவே துணைசெய்தது.

நம்மவர் பணியும் இதனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. உரையேடுகளில் மூலமும் உரையும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், மூலம் எது, உரை எது, மேற்கோள் எது எனப் பிரித்தறிந்து ஒவ்வொன்றற்கும் பக்கத்தில் ஓர் இடம் வகுத்தார். வடிவமில்லாத ஏட்டிலிருந்து வடிவமுள்ள பக்கத்தை ஆக்கிய அருஞ்செயல் அது. இவரிவர் கூற்று இன்னின்னது எனும் தொடர்பைக் கண்டபின்னரே பக்கத்தை அமைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

அசையாப் பக்கம்

பி.டி.எஃப். என்னும் ஆவணவடிவத்தின் வரலாறு அண்மைக்காலத்தது. அடோபி நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவராகிய சான் வார்னாக்கு 1991இல் இதற்கான கருத்துரையை எழுதினார். 1993இல் இது வெளிவந்தது; 2008இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பெற்றது. எந்தக் கணினியில் திறப்பினும், எந்த அச்சுப்பொறியில் அச்சிடினும், பக்கம் ஒரே வகையாகத் தோன்றவேண்டும் என்பதே இதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறிற்று. நீதிமன்றத் தீர்ப்பு, அரசாணை, பட்டா, தேர்வுச் சீட்டு என எல்லாம் இன்று இவ்வடிவிலேயே வருகின்றன.

இது தோற்றத்தைக் காக்கும் முறையை அறிந்தால்தான் மொழிபெயர்ப்பாளரின் துன்பம் விளங்கும். இக்கோப்பினுள் வாக்கியம் இல்லை, பத்தி இல்லை, அட்டவணையும் இல்லை. பக்கத்தின் கீழ்மூலையிலிருந்து இத்தனை அளவு வலப்புறமும் இத்தனை அளவு மேற்புறமும் சென்று இந்த எழுத்துருவின் இந்த வரிவடிவைப் பொறிக்க என்னும் கட்டளைகளே நிரம்பியுள்ளன. அட்டவணை போலத் தோன்றுவது சில கோடுகளும் அவற்றின் அருகே சில எழுத்துகளுமே. இந்த எண் இந்தப் பெயருக்குரியது என்னும் செய்தி எங்கும் எழுதப்படவில்லை; பார்க்கும் கண்ணே அதனைக் கூட்டிக்கொள்கிறது. தாள்களை ஒளிவருடி ஆக்கிய கோப்பாயின் எழுத்தும் இல்லை. படம் மட்டுமே உண்டு.

இதனினும் நுட்பமானது வெற்றிடம் பற்றியது. அட்டவணையில் வெறுமையாக விடப்பட்ட கட்டமும் ஒரு செய்தியைச் சொல்லும். இங்கு ஒன்றுமில்லை என்பது அச்செய்தி. ஆனால் பி.டி.எஃப். கோப்பில் வெறுமைக்குக் கட்டளை ஏதுமில்லை. பொறிக்க ஒன்றுமில்லாத இடத்தைப் பற்றி அது வாளாவிருக்கும். பனுவலைப் பிரித்தெடுக்கும்போது வெற்றுக்கட்டம் மறைந்து, வலப்புறத்து எண் இடப்புறம் நகர்ந்து அவ்விடத்தில் அமரும். சொல்லாமல் விட்டதன் பொருளை அறிந்த கவிஞர்களுக்கு இவ்விழப்பின் அளவை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழுக்கு உரிய இடர்ப்பாடு ஒன்று தனியே உண்டு. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்குப்பின் ஒலிப்பன. ஆனால் மெய்க்குமுன் எழுதப்படுவன. ஒருங்குறியில் ஒலிமுறையே வரிசை. பி.டி.எஃப். கோப்போ கண்ணுக்குத் தோன்றும் முறையில் குறிகளை நிறுத்துகிறது. திரும்ப எடுக்கும்போது ‘மலை’ என்பது பலநேரங்களில் ‘மைல’ என வந்து நிற்கும். லகரத்திற்கு முன்னின்ற ஐகாரக் குறி மகரத்தைப் பற்றிக்கொள்வதால் நேரும் பிழை இது. ‘கோயில்’, ‘சேர்வராயன்’ ஆகிய சொற்களில் ஏகாரக் குறி பற்றுக்கோடின்றி முன்னே தனித்து நிற்கும். இவ்வாறு சிதைந்த தமிழை மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்தால் மலை ‘மைல்’ ஆவதில் வியப்பென்ன?

எழுத்துருக்களின் பன்மையும் இத்துன்பத்தைப் பெருக்கியது. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழ் இடம்பெற்றது எனினும், நம் அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் தத்தம் குறியேற்றங்களையே வழங்கின. 1999இல் சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்திற்கும் தரம் வகுத்தது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆக்கப்பெற்ற கோப்புகள் பலவும் திரையில் செந்தமிழாகத் தோன்றும். படியெடுத்தால் பொருளற்ற உரோமன் எழுத்துகளாக உதிரும். இவற்றோடு 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முந்தைய நூல்களில் துதிக்கை வளைவோடு நிற்கும் பழைய லை, னை வடிவங்களும் எழுத்துணரிக்குத் தடையாகின்றன.

2001இல் வெளிவந்த பதிப்பு முதல், இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணைக் கட்டம் என உறுப்புகளுக்குப் பெயரிட்டுக் கோப்பினுள் வைக்கும் வழி திறக்கப்பட்டுள்ளது. அவ்வழியைப் பின்பற்றி ஆக்கப்பெற்ற தமிழ் ஆவணத்தைக் காண்பது அரிதாகவே உள்ளது.

மலைமக்களும் ஆவணமும்

இவையெல்லாம் அச்சுத் தொழிலின் நுணுக்கங்கள்தாமே, இலக்கிய வட்டத்திற்கு இவற்றால் என்ன என்று சிலர் வினவலாம். சேர்வராயன் கோயில் விழாவிற்கு வரும் மக்களை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பது பொருள். அவர்கள் தமிழ் பேசுவோர். கேரளத்தாரைக் குறிக்கும் பெயரோடு இப்பெயர் ஒத்திருப்பது தற்செயல். தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடிகளின் வரிசையில் 25ஆம் எண்ணில் மலையாளி என்னும் பெயரும், அதனையடுத்து அடைப்புக்குள் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்னும் மாவட்டப் பெயர்களும் உள்ளன. அவ்வடைப்புக்குறியே இங்குச் சட்டம். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலை முதலிய இடங்களில் வாழும் மலையாளிகள், தம் மாவட்டம் அவ்வடைப்புக்குள் இன்மையால் பழங்குடிச் சான்று பெறவியலாது நெடுங்காலம் போராடி வந்துள்ளனர். மொழிபெயர்ப்பில் அடைப்புக்குறி நழுவி அடுத்த பெயரோடு சேர்ந்தால் யார்க்கு எவ்வுரிமை என்பதே தலைகீழாகும். வட ஆர்க்காடும் தென் ஆர்க்காடும் இன்று அப்பெயர்களில் இல்லை எனக் கருதிப் புதுப்பெயர் இடுதலும் பிழையே.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தில் மற்றொரு சான்று காணலாம். காட்டில் மரபுவழி வாழும் பிறரைப் பற்றிய விளக்கம், அச்சட்டத்தின் 2ஆம் பிரிவில் ஆங்கில நெடுங்கணக்கின் பதினைந்தாம் எழுத்தாகிய ‘ஓ’வைத் தலைப்பாகக் கொண்ட உட்பிரிவில் உள்ளது. தமிழாக்குவோர் உட்பிரிவுகளுக்கு அ, ஆ, இ எனப் பெயரிடுதல் வழக்கம். ஒலியைக் கருதி அதனை ‘ஒ’ என்று எழுதினால், தமிழ் வரிசையில் ஒகரம் பத்தாவது. எண்ணிப் பார்ப்பவர் வேறோர் உட்பிரிவைச் சென்றடைவர். வரிசையைக் கருதினாலோ பன்னிரண்டோடு உயிரெழுத்துகள் தீர்ந்துவிடும். சொல்லில் ஒரு பிழையும் இல்லாதபோதே சுட்டு தவறிவிடுகிறது. 1973ஆம் ஆண்டுச் சட்டமொன்றன்படி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு அரசிதழில் வெளியிடப்பெறும் நடுவணரசுச் சட்டங்களின் தமிழாக்கம் அதிகாரம் பெற்ற பனுவலாகும். அத்தகைய பனுவலில் எண்ணும் எழுத்தும் அணிகலன் அல்ல.

நிலப் பதிவுகளில் இவ்விடர் அன்றாடம் நிகழக்கூடியது. சிட்டாவில் புல எண், உட்பிரிவு ஆகியவற்றை அடுத்துப் புன்செய், நன்செய், மற்றவை என்னும் நிரல்கள் வரும். ஒவ்வொன்றற்கும் பரப்பும் தீர்வையும் உண்டு. மலைநிலம் பெரும்பாலும் புன்செய்; நன்செய் நிரல் வெறுமையாக இருக்கும். வேற்றுமாநிலத்து அலுவலகத்திற்காகவோ நீதிமன்றத்திற்காகவோ இதனை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது வெற்றுக்கட்டம் மறைந்து எண் இடம் மாறினால், மானாவாரி நிலம் பாசன நிலமாகிவிடும். மொழிபெயர்ப்பைக் கையில் பெறும் உழவர் அதனைச் சரிபார்க்க வழியில்லை. அம்மொழி அறியாமையால்தானே அவர் மொழிபெயர்ப்பை நாடினார்?

நாடளாவிய அளவிலும் இவ்வினா எழுந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றி நடுவணரசு 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வரைவு அறிவிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வந்தது. எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளிலும் அதனைப் பெயர்த்து வெளியிடவேண்டும் என அவ்வாண்டு சூன் 30ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்குத் தந்த காலம் பத்து நாள். அட்டவணைகளும் உட்பிரிவுகளும் பின்னிணைப்புகளும் நிறைந்த நீண்ட ஆவணம் அது. தமக்கு நேரவிருப்பதைத் தம் மொழியில் அறிந்து கருத்துரைக்கும் உரிமை, அவற்றின் நேர்மை கெடாத மொழிபெயர்ப்பையே நம்பியிருக்கிறது. பாக்சைட்டுக் கனிமம் தோண்டப்பெற்ற வரலாறு உடைய சேர்வராயன் மலையில் இவ்வுரிமையின் அருமையை விரித்துரைக்க வேண்டா.

செய்யத்தக்கன

வரலாறு காட்டும் வழியைத் தொகுத்துரைப்போம். ஆலேயில் வார்த்த எழுத்து பொருந்தாதபோது ஆட்லர் எழுத்தை மாற்றினார். கல்லின் வடிவைக் காகிதத்தில் ஏற்ற இயலாதபோது ஊல்சு வரியெண்ணைக் காத்தார். ஏட்டில் கலந்து கிடந்தவற்றைச் சாமிநாதையர் முதலில் பிரித்துணர்ந்து பிறகு பக்கம் வகுத்தார். மூவரும் புறவடிவை நெகிழவிட்டு, எது எதனோடு சேரும் என்னும் தொடர்பைப் போற்றினர். பி.டி.எஃப். ஆவணம் இதற்கு மாறாகப் புறவடிவைப் போற்றித் தொடர்பை நழுவவிடுகிறது. ஆகவே அதனை மொழிபெயர்ப்பவரின் முதற்பணி, இழந்த நிரல்நிறையை மீட்டெடுப்பதாகும்.

விவரச்சுவடிப் பக்கங்களுக்கு நான் இறுதியில் மேற்கொண்ட முறை எளியது. பக்கத்தை முதலில் தாளில் அச்சிட்டுக்கொண்டேன். ஒவ்வொரு பத்திக்கும் ஓரக்குறிப்பிற்கும் அடிக்குறிப்பிற்கும், அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திற்கும் கையால் எண் இட்டேன். வெற்றுக்கட்டத்திற்கும் எண் இட்டு, ‘இல்லை’ என்பதற்குச் சிறு கோடு வரைந்தேன். அவ்வெண்களோடு தமிழாக்கி, பிறகு தமிழுக்கேற்ற புதிய பக்கத்தை அமைத்தேன். ஓரக்குறிப்புகள் துணைத்தலைப்புகளாயின. அகன்ற அட்டவணை ஒன்று இரண்டாகப் பிரிந்தது. ஆங்கிலப் பக்கத்தின் எண்ணைத் தமிழ்ப் பக்கத்தின் ஓரத்தில் குறித்தேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கமாயிருந்தது தமிழில் ஒன்றரைப் பக்கமாயிற்று, அதனால் குறையொன்றுமில்லை.

சரிபார்த்தலுக்கு நம் முன்னோர் முறையே உதவிற்று. ஒருவர் ஏட்டைப் படிக்க மற்றவர் தம் படியோடு ஒப்புநோக்கும் பழக்கம் சுவடிப் பதிப்பாளர்களிடம் இருந்தது. அவ்வாறே நம் வட்டத்து அன்பர் ஒருவர் ஆங்கில அட்டவணையின் எண்களைக் கட்டம் கட்டமாகப் படிக்க, நான் தமிழ்க் கட்டத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். இரண்டு மாலைப்பொழுதுகளில் முடிந்தது. என் தமிழாக்கத்திலேயே நான்கிடங்களில் எண் இடம் மாறியிருந்ததை அப்போதுதான் கண்டேன். கருவியை மட்டும் குறைகூறுதல் தகாது என்பதையும் அன்று உணர்ந்தேன்.

நிறைவாக

கருவிகள் நாளும் வளர்ந்து வருகின்றன. பக்கத்தைப் பார்த்து அட்டவணையை உணரும் ஆற்றல் அவற்றிற்கு முன்னினும் மிகுந்துள்ளது. அவற்றைப் புறக்கணித்தல் அறிவுடைமையாகாது. எனினும் எந்த இடம் பொருளுடையது, எந்த இடம் வெறும் அழகு என்று தெளிபவர் பொருள்கோள் பயின்றவரே. நிரல்நிறையைத் தேர்வுக்காக மட்டும் கற்பித்துவந்த என்போன்ற தமிழாசிரியர்க்கு இஃது ஓர் அறிவுறுத்தல்.

நம் வட்டம் தொடங்கிப் பத்தாண்டுகள் நிறைவெய்தியுள்ளன. இப்பத்தாண்டுகளில் கவிதை படைத்தோம், நூல்களை ஆய்ந்தோம். அடுத்து வரும் ஆண்டுகளில், மலையூரிலிருந்து ஒருவர் ஆங்கில ஆவணத்தோடு வந்து இதில் என்ன எழுதியுள்ளது என்று வினவினால், அமர்ந்து கட்டம் கட்டமாகப் படித்துச் சொல்வோர் இருவரேனும் நம்முள் எப்போதும் இருத்தல் வேண்டும் என்பது என் விழைவு. இலக்கியம் கற்றதன் பயன்களுள் அதுவும் ஒன்று.

சேர்வராயன் குகையினுள் நிமிர்ந்து செல்ல எவர்க்கும் இயலாது. வாயிலின் உயரத்தை நம் உயரத்திற்கேற்ப மாற்றவும் எவரும் எண்ணியதில்லை. குனிந்து புகுகிறோம், உள்ளிருக்கும் தெய்வத்தைக் காண்கிறோம். பிறர் எழுதிய பக்கத்தினுள் புகும் மொழிபெயர்ப்பாளருக்கும் அப்பணிவே வேண்டும். வட்டம் வளர்க! தமிழ் வாழ்க!